மண்ணுக்கு ஒரு வில்லங்கச் சான்று

திருமானூர் ஒன்றியத்தில் வீடு கட்டப் புறப்படுகிறவர் கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். கிரயப் பத்திரம், மூலப்பத்திர நகல், பட்டா, சிட்டா, புலப்படம், அ-பதிவேட்டு நகல், வில்லங்கச் சான்று, பொறியாளர் கையொப்பமிட்ட வரைபடம் என்று அதற்குள் ஒரு கட்டுத் தாள். ஊராட்சிச் செயலரையும் கிராம நிர்வாக அலுவலரையும் பதிவு அலுவலகத்தையும் சுற்றிச் சுற்றிச் சேர்த்தவை அவை. அந்தத் தாள்களில் பெரும்பாலானவை ஒரே கேள்விக்கு விடை சொல்கின்றன: இந்த மனை யாருடையது? வரைபடம் மட்டும் வேறொன்றைச் சொல்கிறது: இதில் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் கட்டலாம், எந்தப் பக்கம் எத்தனை அடி விட வேண்டும்?

அந்த மனையின் மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று எந்தத் தாளும் கேட்பதில்லை. முன்பு அங்கே செங்கல் சூளை இருந்ததா, பேட்டரி உடைக்கும் பட்டறை இருந்ததா, பூச்சிமருந்துக் கிடங்கு இருந்ததா, பள்ளத்தை மேடாக்க எங்கிருந்து லாரியில் மண் வந்தது என்பவை விண்ணப்பத்தில் இடம்பெறாத கேள்விகள்.

திருமானூரை நஞ்சேறிய ஊராகக் காட்டுவது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூரிலிருந்து திருவையாறு வழியாகத் தஞ்சைக்குப் போகும் சாலையில் இருக்கும் இந்த ஊர், தமிழ்நாட்டின் ஆயிரக்கணக்கான ஊராட்சிகளைப் போன்றதுதான். புள்ளம்பாடி வாய்க்கால் பாயும் வயல்கள் ஒருபுறம். வடக்கே போகப் போகச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும். இந்த ஒன்றியத்துக்குள் இருக்கும் கரைவெட்டி ஏரி 2024 ஜனவரியில் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. கொள்ளிடத்தில் மணல் குவாரி வேண்டாம் என்று போராடிய மக்களும் இங்கேதான் இருக்கிறார்கள். மணல் போனால் நீர் போகும் என்று அறிந்த ஊர் இது. மண்ணை அள்ளிப் போவதைத் தடுக்க நமக்குச் சட்டமும் உண்டு, போராட்ட மரபும் உண்டு. மண்ணுக்குள் வந்து சேர்வதைக் கவனிக்க இரண்டுமே குறைவு. வீடு கட்ட அனுமதி தரும் நாள்தான் அதைக் கவனிக்க நமக்கு எஞ்சியிருக்கும் கடைசி வாய்ப்பு.

மூன்று கேள்விகள், விடுபட்ட நான்காவது

நம் அரசு மண்ணைச் சோதிப்பதே இல்லை என்று சொல்ல முடியாது. வேளாண் துறை சோதிக்கிறது. 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 கூறுகள் பார்க்கப்படுகின்றன: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, மின் கடத்துத்திறன், அங்ககக் கரிமம். இந்த மண்ணில் பயிர் என்ன கேட்கும், எவ்வளவு உரம் போடலாம் என்று உழவருக்குச் சொல்லும் அட்டை அது. ஈயம், குரோமியம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுக்கு அதில் இடம் இல்லை. பயிருக்கு வேண்டியதை அளக்க வந்த சோதனை அது.

கட்டடப் பொறியாளரும் மண்ணைச் சோதிக்கிறார். தரையில் துளையிட்டு, 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார். அந்த எண்ணிலிருந்து மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிடுவார். 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி சரிந்து 61 பேர் இறந்த பிறகு, இந்தச் சோதனையின் அருமை எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் சுத்தியலுக்கு வேதியியல் தெரியாது. நச்சுக் கசடு நிரப்பிய இடம் இறுகிக் கிடந்தால் நல்ல எண்ணையே காட்டும்.

மூன்றாவதாக, வருவாய்த் துறை மண்ணை வகைப்படுத்துகிறது: நஞ்சை, புஞ்சை, மானாவாரி, தரிசு, புறம்போக்கு. நஞ்சையை மனையாக மாற்ற வேண்டுமென்றால் வேளாண் இணை இயக்குநரின் கருத்தும் மாவட்ட ஆட்சியரின் இசைவும் கேட்கப்படுகின்றன. பாசனம் இருக்கிறதா, சாகுபடி நடக்கிறதா என்பதே அங்கே பேச்சு. நன்செய் என்ற நல்ல சொல் மருவி நஞ்சை ஆனது. நஞ்சுக்கும் அதற்கும் இடையில் ஓர் எழுத்துதான். அந்த எழுத்தை எந்தத் துறையும் இதுவரை படித்துப் பார்க்கவில்லை.

வேளாண் துறைக்கு விளைச்சல், பொறியாளருக்குப் பாரம், வருவாய்த் துறைக்கு உரிமை. அந்த மண்ணின் மேல் குழந்தை தவழலாமா என்ற நான்காவது கேள்வியைக் கேட்கப் பொறுப்பான துறை இல்லை.

மூக்கை நம்பி எழுதிய விதி

விதிகள் முழுக்க மௌனமாக இருந்தன என்றும் சொல்ல முடியாது. 1970-ல் முதலில் வெளிவந்து, கடைசியாக 2016-ல் திருத்தப்பட்ட இந்திய தேசியக் கட்டட நெறித்தொகுப்பில் மனைக்கான தகுதிகள் என்று ஒரு பகுதி உண்டு. குப்பையோ மலமோ அருவருக்கத்தக்க பிற பொருளோ கொட்டிக் கிடக்கும் மனையில், அவற்றை அகற்றி, அதிகாரியின் மனம் ஒப்பும்படி இடத்தைச் சீர்ப்படுத்தும்வரை கட்டடம் எழும்பக் கூடாது என்று அது சொல்கிறது. ஈரம் ஊறும் மனைக்கும் அங்கே ஒரு விதி உண்டு.

காலராவும் மலேரியாவும் பயமுறுத்திய காலத்தின் சிந்தனை அந்த வரிகளில் தங்கியிருக்கிறது. கெடுதல் நாறும், கண்ணுக்குத் தெரியும், அள்ளிப் போட்டால் போய்விடும் என்பது அதன் நம்பிக்கை. இருபதாம் நூற்றாண்டின் நஞ்சுகள் இந்த மூன்றுக்கும் அடங்காதவை. ஈயத்துக்கு வாசனை இல்லை. பாதரச ஆவிக்கு நிறமில்லை. எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் தடை செய்தது, டி.டி.டி. போன்ற குளோரின் சேர்ந்த பூச்சிக்கொல்லிகளோ தெளித்துப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் மண்ணில் எஞ்சுபவை.

மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டால் நீர்வளத் துறையிடம் வெள்ள அபாயச் சான்று வாங்க வேண்டும். அருகில் குவாரி இருந்தால் கனிம வளத் துறையையும் கேட்க வேண்டும். சுடுகாடு, ரயில் பாதை, உயர் அழுத்த மின்கம்பி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தூரம் உண்டு. இவையெல்லாம் மனைக்கு வெளியிலிருந்து வரும் ஆபத்துகள். மனைக்கு அடியில் இருப்பதற்குப் பட்டியலில் இடமில்லை.

2019-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்து, சிதறிக் கிடந்த பல விதிகளை ஒன்றாக்கின. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத் தளமும் முதல் தளமும் என்றால், ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றிக் கட்டணம் செலுத்தியதும் அனுமதி கையில் கிடைக்கும். அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்களுக்கும், மேசைக்கு மேசை கவர் வைத்தவர்களுக்கும் இது பெரிய விடுதலை. இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முன்பு ஓர் ஊராட்சி அலுவலரோ ஒன்றியப் பொறியாளரோ மனையை வந்து பார்த்துவிட்டுப் போகும் வழக்கம் பெயருக்காவது இருந்தது. இப்போது மனையைப் பார்க்கும் கடைசி மனிதக் கண்ணும் சிறு வீடுகளின் பாதையிலிருந்து விலகிவிட்டது. கண் போன இடத்தில் தகவல் வந்து உட்கார வேண்டும், இன்னும் உட்காரவில்லை.

ஒரு டாலருக்கு விற்ற நிலம்

இந்த இடைவெளி என்ன செய்யும் என்பதற்கு உலகம் பார்த்த பாடம் அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் நடந்தது. அங்கே லவ் கால்வாய் என்ற, பாதியில் நின்றுபோன வாய்க்கால் ஒன்றில் 1942 முதல் 1953 வரை ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் ஏறத்தாழ 21,000 டன் இரசாயனக் கழிவைப் புதைத்து மண்போட்டு மூடியது. 1953-ல் நகரப் பள்ளி வாரியத்துக்கு அந்த நிலத்தை ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தது. உள்ளே இரசாயனக் கழிவு இருக்கிறது, இதனால் வரும் தீங்குக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று பத்திரத்திலேயே வாசகம் சேர்த்திருந்தது. அதன் மேல் பள்ளிக்கூடம் எழுந்தது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. 1978-ல் அடித்தள அறைகளில் இரசாயனம் கசிந்து மேலேறியபோது, ஆகஸ்ட் 7 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் அவசரநிலை அறிவித்தார். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேறின. இதன் விளைவாக 1980-ல் சூப்பர்ஃபண்ட் என்று அழைக்கப்படும் தூய்மைச் சட்டம் பிறந்தது.

நம் பத்திர எழுத்தர்களுக்குச் சட்டென்று புரியக்கூடிய செய்தி இதில் இருக்கிறது. எச்சரிக்கை பத்திரத்தில் இருந்தது. ஆனால் அது முதல் பத்திரத்தோடு நின்றுவிட்டது. அக்கம்பக்கத்து மனைகளை வாங்கிக் குடிவந்தவர்களிடம் அது போய்ச் சேரவில்லை. நம்மூர் மொழியில் சொன்னால், வில்லங்கம் இருந்தது, வில்லங்கச் சான்றில் ஏறவில்லை.

நெதர்லாந்தில் ராட்டர்டாமுக்கு அருகிலுள்ள லெக்கர்கெர்க் கிராமத்தில் 1970களில் பள்ளத்தைத் தூர்த்து வீடு கட்டினார்கள். தூர்த்த பொருளோடு இரசாயனப் பீப்பாய்களும் வந்து சேர்ந்திருந்தன. 1980-ல் 250-க்கும் மேற்பட்ட வீடுகளைக் காலி செய்து மண்ணைத் தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று. 1983-ல் அந்த நாடு மண் தூய்மைக்கென்று இடைக்காலச் சட்டம் இயற்றியது. அதே 1983-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் இன்னொரு வழியைப் பிடித்தது. குறிப்பிட்ட தொழிற்சாலைகளை மூடவோ விற்கவோ வேண்டுமென்றால், முதலில் மண்ணைச் சோதித்துத் தூய்மைப்படுத்தும் பொறுப்பை உரிமையாளர் ஏற்க வேண்டும் என்றது. பிரிட்டனில் சந்தேகத்துக்குரிய மனையில் கட்ட விரும்புகிறவர் முதலில் பழைய வரைபடங்களையும் பதிவேடுகளையும் புரட்டி, அந்த இடத்தின் கதையை எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் சந்தேகம் எழுந்தால்தான் ஆய்வகம், மண் மாதிரி எல்லாம். முதல் படிக்கு ஆகும் செலவு தாளும் பொறுமையும்தான்.

கொடைக்கானலிலிருந்து வந்த லாரி

தமிழ்நாட்டில் இந்தப் பாடத்தைச் சில ஊர்கள் படித்திருக்கின்றன.

கொடைக்கானலில் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து ஒரு வெப்பமானித் தொழிற்சாலை இடம்பெயர்ந்து வந்தது. பாண்ட்ஸ் நிறுவனம் தொடங்கிய அது, பின்னர் இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக்கடையில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிகள் டன் கணக்கில் கிடப்பதைச் சூழல் ஆர்வலர்களும் முன்னாள் தொழிலாளர்களும் வெளியே கொண்டுவந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு 2016-ல் உடன்பாடு ஏற்பட்டது. மண்ணைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகும் முடியவில்லை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று, குடியிருப்பு நிலத்துக்குரிய அளவாக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த இலக்கு போதாது, பாம்பார் சோலைக்கு மேலே இருக்கும் இடத்துக்கு இன்னும் கடுமையான அளவு வேண்டும் என்று ஆர்வலர்கள் வாதாடினார்கள்.

கட்டட அனுமதிக்கு இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, எவ்வளவு நஞ்சு அதிகம் என்பதே அந்த இடத்தில் நாளை என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பொறுத்திருக்கிறது. வாகன நிறுத்தத்துக்குப் போதும் என்று விட்ட மண் அங்கன்வாடிக்குப் போதாது. ஆகவே நிலப் பயன்பாட்டை மாற்றும் கையெழுத்து, மண்ணைப் பற்றிய கையெழுத்தும்தான். மற்றொன்று, நஞ்சு தொழிற்சாலைச் சுவருக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. லாரி ஏறி இரும்புக்கடைக்கு வந்தது. மனையின் கதை மட்டும் போதாது, மனைக்கு வந்து சேர்ந்த பொருளின் கதையும் வேண்டும்.

ராணிப்பேட்டையில் தோல் பதனிட வேண்டிய குரோமிய உப்புகளைச் செய்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடியது. அது விட்டுச் சென்ற குரோமியக் கழிவு மேடு லட்சம் டன் கணக்கில் சிப்காட் வளாகத்தில் திறந்தவெளியிலேயே கிடந்தது. மழை பெய்தால் மேட்டிலிருந்து மஞ்சள் நீர் இறங்கும். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தின் நிறம் அது, புற்றுநோயை உண்டாக்கக்கூடியது, நிலத்தடி நீரில் எளிதாக நகரும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. 2006-ல் ஒரு பன்னாட்டு அமைப்பு தொகுத்த உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களில் ராணிப்பேட்டையும் இருந்தது. ஆலையை மூடுவதற்கு வேண்டியது ஒரு பூட்டு. மேட்டைக் கரைக்க முப்பது ஆண்டுகளும் போதவில்லை.

தூத்துக்குடியில் தாமிர ஆலைக் கசடு உப்பாற்று ஓடையை ஒட்டிய பட்டா நிலங்களில் மலைபோல் குவிந்து கிடந்து வழக்குகளுக்குப் போனது. போபாலில் யூனியன் கார்பைடின் கழிவு ஆவியாக்கும் குளங்களை ஒட்டிக் குடியிருப்புகள் வளர்ந்தன. 1984 டிசம்பர் விபத்துக்கு 40 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், ஆலையில் கட்டி வைத்திருந்த 337 டன் கழிவு பீதம்பூருக்கு எடுத்துச் செல்லப்பட்டு, பின்னர் எரிக்கப்பட்டது. மண்ணுக்குள்ளும் நிலத்தடி நீரிலும் இறங்கியது அந்த லாரிகளில் ஏறவில்லை.

சுண்ணாம்பும் கரிசலும் வண்டலும்

திருமானூர் வட்டாரத்தின் மண்ணுக்கு இதில் சொந்தமாக ஒரு பங்கு இருக்கிறது. அரியலூரின் சுண்ணாம்புக்கல், பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கிடந்த கடல் விட்டுச் சென்றது. சுண்ணாம்பு கலந்த காரமண்ணில் ஈயமும் காட்மியமும் பெரும்பாலும் கார்பனேட்டாகிப் படிந்து, அதிகம் நகராமல் மேல்மண்ணிலேயே நின்றுவிடும். நிலத்தடி நீருக்கு இது நல்ல செய்தி. வாசலில் மண்ணளைந்து விரலைச் சப்பும் குழந்தைக்குக் கெட்ட செய்தி. ஆறு இணைதிறன் குரோமியமும் ஆர்சனிக்கும் நேர்மாறான குணம் கொண்டவை. காரம் கூடக் கூட மண்துகளைப் பிடித்துக்கொள்ளாமல் நீரோடு போகும். கரிசல் மண் கோடையில் வெடித்துப் பிளக்கும். முதல் மழைநீர் அந்தப் பிளவு வழியாக வடிகட்டப்படாமலே கீழே இறங்கும். கொள்ளிடக் கரையின் மணலும் வண்டலும் கலந்த மண்ணிலோ மேலே கொட்டியது சீக்கிரமே கிணற்றுக்குப் போய்ச் சேரும். ஒரே ஒன்றியத்துக்குள் நான்கு மைல் தொலைவில் ஒரே கழிவு இரண்டு விதமாக நடந்துகொள்ளும். சென்னையில் எழுதிய ஒற்றை அளவுகோல் இங்கே தடுமாறுவது இதனால்தான்.

கவலைக்குரியது எங்கிருந்து வரும் என்பதும் ஊருக்குத் தெரிந்ததே. சாலையோரப் பட்டறைகள், பழைய பேட்டரி வாங்கி விற்கும் கடைகள், மூடிய பெட்ரோல் பங்குகள், பூச்சிமருந்து கலக்கிய களத்துமேடுகள். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கவலைக்குரிய அளவுக்கு இருக்கிறது என்று யுனிசெஃப் 2020-ல் சொன்னது. அதற்கான காரணங்களில் முறையற்ற பேட்டரி மறுசுழற்சியை முன்னால் வைத்தது. புதிய பெட்ரோல் பங்க் பள்ளியிலிருந்தும் வீட்டிலிருந்தும் 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் வழிகாட்டியது. பழைய பங்கை இடித்துவிட்டு அதே இடத்தில் வீடு கட்டினால் என்ன கேட்பது என்று கட்டட விண்ணப்பம் யோசிக்கவில்லை. 2023 அக்டோபரில் இந்த ஒன்றியத்தின் விரகாலூரில் நாட்டு வெடி தயாரிக்கும் இடத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் பலர் உயிரிழந்தனர். அப்படிப்பட்ட இடம் எந்த ஊரில் இருந்தாலும், இறந்தவர்களின் துயரத்துக்குப் பின் ஒரு நாள் அந்தப் புல எண் கைமாறும். பட்டாசுத் தொழிலில் புழங்கும் பேரியமும் பெர்குளோரேட்டும் அப்போது விசாரிக்கப்பட வேண்டியவை. விசாரிக்க யாருக்கும் கடமை இல்லை.

எல்லாவற்றிலும் பரவலானது நிரப்பு மண். தாழ்ந்த மனையைச் சாலை மட்டத்துக்கு உயர்த்தாமல் இன்று யாரும் வீடு கட்டுவதில்லை. கிராவல், ஏரி வண்டல், இடித்த கட்டடக் கழிவு, சாம்பல் என்று எது மலிவோ அது வரும். ஏரியிலிருந்து வண்டல் எடுக்க வட்டாட்சியர் அனுமதி வேண்டும். எடுத்த கணக்கு அங்கே உண்டு. கொட்டிய கணக்கு எங்கேயும் இல்லை. லெக்கர்கெர்க்கில் பீப்பாய்கள் வந்த வழி அதுதான்.

அதே ஊராட்சி, அதே புல எண்

நீருக்கு 1974-ல் சட்டம் வந்தது, காற்றுக்கு 1981-ல். மண்ணுக்கென்று தனி விதிகள் வர 2025 ஜூலை 24 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாசடைந்த இடங்களை மேலாண்மை செய்யும் விதிகளை மத்திய அரசு அன்று அறிவிக்கை செய்தது. உள்ளாட்சி அமைப்போ மாவட்ட நிர்வாகமோ சந்தேகத்துக்குரிய இடங்களைக் கண்டு அரையாண்டுக்கு ஒருமுறை தெரிவிக்க வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதல் மதிப்பீடு செய்ய வேண்டும். அடுத்த மூன்று மாதத்தில் விரிவாக ஆராய்ந்து, 189 அபாயகர இரசாயனங்களில் எதுவாவது அளவு மீறியிருந்தால் மாசடைந்த இடமென்று அறிவிக்க வேண்டும். மாசுபடுத்தியவரைக் கண்டுபிடித்துச் செலவை வசூலிக்க வேண்டும். கதிரியக்கம், சுரங்கம், கடல் எண்ணெய்க் கசிவு, குப்பைக் கிடங்கு ஆகியவற்றுக்கு வேறு சட்டங்கள் இருப்பதால் அவற்றைப் பொதுவாக விலக்கி வைத்தார்கள். அரியலூரைப் போன்ற சுரங்க மாவட்டத்துக்கு இந்த விலக்கு சின்ன விஷயமல்ல. இடத்தை எப்போதைக்குள் சுத்தம் செய்து முடிக்க வேண்டும் என்று கெடுவும் இல்லை. விதிகள் வந்தபோது நாட்டில் அடையாளம் காணப்பட்டிருந்தவை 103 இடங்கள்.

இந்த விதிகளில் ஊராட்சி கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சந்தேகத்துக்குரிய இடத்தைச் சொல்லும் கடமை உள்ளாட்சிக்கும் இருக்கிறது. கிராமத்தில் வீடு கட்ட அனுமதி தருவதும் அதே உள்ளாட்சிதான். ஒரே நிர்வாகம், ஒரே புல எண். ஆனால் இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. பட்டா கணினியில் இருக்கிறது, வில்லங்கம் கணினியில் இருக்கிறது, கட்டட அனுமதியும் கணினிக்கு வந்துவிட்டது. சந்தேகப் பட்டியலைப் புல எண்ணோடு அங்கே இணைத்தால், விண்ணப்பிக்கிறவரின் திரையில் எச்சரிக்கை தானாக வந்து நிற்கும். நம் பதிவுத் துறைக்கு இது புதிதும் அல்ல. அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோதும், கோயில் நிலங்களைக் காக்க முனைந்தபோதும், குறிப்பிட்ட புல எண்களைப் பதிவுக்கு வராமல் நிறுத்திவைக்க அது பழகிக்கொண்டது.

எதிர்க்கேள்வி உடனே வரும்: இன்னொரு சான்று என்றால் இன்னொரு லஞ்சம்தானே? நியாயமான கேள்வி. கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய்க்கு 360 சதுர அடி வீடு கட்டுகிறவரிடம் போய் ஆய்வகச் சோதனை கொண்டுவா என்று கேட்பது கொடுமை. அதே நேரம், ஊருக்கு ஒதுக்குப்புறம், ஓடையோரம், யாரும் வேண்டாத மேடு என்று ஏழைக்குக் கிடைக்கும் மனைதான் நச்சுக்கு அருகில் இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் சுமையைக் கட்டுகிறவர் தலையில் ஏற்றாமல், தகவலை வைத்திருப்பவர்களிடம் கேட்க வேண்டும்.

தகவல் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல், பசலி ஆண்டுதோறும் ஒவ்வொரு புல எண்ணிலும் என்ன விளைந்தது, எது தரிசாகக் கிடந்தது என்று சொல்லும். பல ஆண்டுகள் பயிரே ஏறாமல் கிடந்து திடீரென்று மனையான புல எண் கேள்வி கேட்கத் தகுந்தது. ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் கொடுத்த இசைவாணைகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் உண்டு. பழைய மின் இணைப்பு வீட்டுக்கா தொழிலுக்கா என்பது மின்வாரியத்துக்குத் தெரியும். பிரிட்டன்காரர் பழைய வரைபடங்களைத் தேடிச் செய்கிற முதல் படியை நம் வருவாய்க் கணக்குகள் நூறாண்டுக்கு மேலாகச் செய்து வைத்திருக்கின்றன. அவற்றைப் புரட்டும் வேலை அரசின் வேலை. விண்ணப்பதாரர் ஒரு ரூபாய் கூடத் தர வேண்டியதில்லை. அதில் சந்தேகம் விழுந்த மனைக்கு மட்டும் மண் மாதிரி எடுக்க வேண்டும். செலவு வாரியத்துடையது, பிறகு மாசுபடுத்தியவருடையது.

மனை விற்பவருக்கும் இதில் பழைய கடமை ஒன்று உண்டு. வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத, ஆனால் தனக்குத் தெரிந்த முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு. மண்ணில் புதைந்த நஞ்சைவிடக் கண்ணுக்கு மறைந்த குறை வேறென்ன இருக்க முடியும்? கிரயப் பத்திரத்தில் முன்பயன்பாடு, நிரப்பு மண் வந்த இடம் என்று இரண்டு வரி சேர்க்கப் புதுச் சட்டம் வேண்டாம். பத்திரம் எழுதும் வழக்கம் மாறினால் போதும். லவ் கால்வாயில் முதல் பத்திரத்தோடு நின்ற அந்த வாசகம், இங்கே பத்திரத்துக்குப் பத்திரம் தொடர்ந்து வரும்.

ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. மே 1-ஆம் தேதி ஒரு முறையும் நவம்பர் 1-ஆம் தேதி ஒரு முறையும் சந்தேகப் பட்டியலை வாசித்தால், விதிகள் சொல்லும் அரையாண்டுக் கணக்கும் சரியாகிவிடும். எந்த மூலையில் எந்தப் பட்டறை இருந்தது என்று கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்குத் தெரியாததா?

மனையடி சாஸ்திரக்காரர்கள் மனை கோலும்முன் ஒரு முழம் குழி தோண்டி, அதே மண்ணைத் திரும்பப் போட்டு, மிஞ்சினால் உத்தமம், சமமானால் மத்திமம், குறைந்தால் அதமம் என்பார்கள். தோண்டும்போது எலும்பு, கரி, உமி, சாம்பல் வந்தால் அதற்குச் சல்லியம் என்று பெயர். அதை எடுத்தெறிந்த பிறகே மேலே வேலை. அவர்கள் சொன்ன பலாபலன்களை ஒதுக்கிவிடலாம். இந்த மண்ணில் முன்பு என்ன நடந்தது என்ற அந்தக் கேள்வி ஒதுக்கத் தக்கதல்ல.

இன்றும் அந்தக் கேள்வியை முதலில் சந்திப்பவர் வானம் தோண்டும் ஆள்தான். கடப்பாரை போகும் ஆழத்தில் மஞ்சள் பூத்த மண்ணோ, எண்ணெய் மினுங்கும் ஈரமோ, பேட்டரித் தகடோ வந்தால், ஒரு கணம் நின்று மேஸ்திரியைப் பார்ப்பார். மேஸ்திரி வீட்டுக்காரரைப் பார்ப்பார். அனுமதி வந்துவிட்டது, நல்ல நாள் குறித்தாயிற்று, ஜல்லி லோடு வாசலில் நிற்கிறது. யாரிடம் சொல்வது என்று மூவருக்கும் தெரியாது. மண் தள்ளி மூடிவிட்டு வேலை தொடரும். கட்டட அனுமதி விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டிய முதல் கட்டம், அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தபோது சொல்ல வந்ததை எழுதுவதற்கான கட்டம்.